மரணம் பேசாத கவிதை

"மரணம் வாயே திறக்கமாட்டேன் என்கிறான், தாயே" என்றார் ஆஸ்பர்ட்.

கொள்ளைநோய் பாதி ஊரைக் கொண்டுபோன மறு வருஷம் அது. வடக்கு இங்கிலாந்தில் ஒரு சிற்றூர். ஆஸ்பர்ட் அங்குள்ள மடத்துத் துறவி, கவிஞர். பாவங்களையும் புண்ணியங்களையும் மனிதர்களாக நடமாடவிட்டு எழுதுவதில் பெயர் வாங்கியவர். இப்போது எழுதும் கவிதையில் மரணமும் ஒரு பாத்திரம்.

இப்போது தேவாலயச் சுவரில் ஒரு சிறு ஜன்னலுக்கு முன்னால் மண்டியிட்டிருந்தார். உள்ளே ஹவீஸ். அவரைவிட வயதில் மிகவும் இளையவள்; ஆனாலும் மரியாதைக்கு எல்லோரும் அவளைத் தாயே என்றுதான் அழைப்பார்கள். உயிரோடு இருக்கும்போதே அவளுக்கு இறுதிச் சடங்கு செய்து, அந்த அறைக்குள் விட்டு, வாசலைக் கல்வைத்து அடைத்துவிட்டார்கள். சாகும்வரை தனிமையில் ஜெபிக்க அவளே கேட்டுக்கொண்டதுதான்.

ஜன்னலில் கறுப்புத் திரை தொங்கியது.

"மற்றவர்கள் பேசுகிறார்களா?"

"பேராசை நிறுத்தவே மாட்டேன் என்கிறான். சோம்பல்கூட இரண்டு பக்கம் பேசிவிட்டான். மரணம் வருகிறான், நிற்கிறான். அவ்வளவுதான்."

"நீங்களே ஏதாவது பேசவைப்பதுதானே?"

"வைத்துப் பார்த்தேன். நம் பாதிரியார் பிரசங்கம் மாதிரி இருக்கிறது."

"வேண்டாம். அவர் பேசினால் செத்தவர்களுக்கும் கொட்டாவி வரும்."

ஆஸ்பர்ட் சிரிக்கவில்லை.

"ஞாயிற்றுக்கிழமை கவிதையை ஊர்முன் படிக்க வேண்டும், தாயே. பிள்ளைகளைப் புதைத்தவர்கள் எதிரே உட்கார்ந்திருப்பார்கள். நான் பொய் சொன்னால் அவர்களுக்குத் தெரிந்துவிடும்."



"கையை உள்ளே விடுங்கள்" என்றாள் ஹவீஸ். "ஜன்னலுக்கு நேர்கீழே என் சவக்குழி. தினம் ஒரு பிடி மண்ணைக் கையாலேயே தோண்ட வேண்டும். இங்கே அடைபட்டவர்களுக்கு அது விதி. இன்றைய பிடியை நீங்கள் எடுங்கள்."

அவர் கையைத் திரைக்குள் தோள்வரை நுழைத்தார். விரல்கள் ஈரமண்ணைத் தொட்டன.

அப்போது இன்னொரு கை அவர் விரல் நுனியில் பட்டது. அங்கிருந்து மணிக்கட்டுவரை ஒரு சாண் வைத்தது. பிறகு முழங்கையை நோக்கி இன்னொரு சாண். அவசரமே இல்லை, சவப்பெட்டி செய்யும் தச்சனைப் போல.

"விளையாடாதீர்கள், தாயே. கையை விடுங்கள்."

"நான் எங்கே தொட்டேன்?" குரல் அறையின் மறுகோடியிலிருந்து வந்தது. "இங்கே விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருக்கிறேன்."

சாண் தோளுக்கு ஏறிவிட்டது.

"என்ன சொல்கிறான்?" என்றாள்.

"ஒன்றும் சொல்லவில்லை" என்றார் ஆஸ்பர்ட். "அளவெடுக்கிறான்."

"அதை எழுதிக்கொள்ளுங்கள்" என்றாள் ஹவீஸ்.