மூன்றாவது வீட்டில் சொன்ன பொய்

மங்கையர்க்கரசி அம்மையாரின் மடம் சிறியது. ஒரு கூடம், ஒரு சமையற்கட்டு. பின்தெருவில் மடத்துக்கு ஐந்து வாடகை வீடுகள் உண்டு. அந்த வாடகையில்தான் தினமும் அறுபது பேருக்கு மதியச் சோறு நடந்தது.

வீடுகளைக் கவனித்துக்கொண்டவர் சீடர் தணிகாசலம். வங்கியின் கடன் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். குருவைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அவர் குருவை அம்மா என்பார். குரு அவரை ஐயா என்பார்.

ஐந்தில் ஒரு வீடு காலியானது. அதைக் கேட்டு தெய்வானை என்பவர் வந்தார். கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிற வேலை. அவர் குடும்பம் இருந்த அரசுக் குடியிருப்பை இடித்துக் கட்டப் போகிறார்கள். மாத முடிவுக்குள் வெளியேற வேண்டும். புதுக் கட்டடம் வரும்வரை வெளியில் வாடகைக்கு இருக்க அரசு மாதாமாதம் ஒரு தொகை தரும். அந்த உத்தரவுக் கடிதத்தை பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார்.

தணிகாசலம் கடிதத்தை இரண்டு முறை படித்தார். அவரை வாசலில் உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போனார். குரு கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அம்மா, ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க ஐயா."

"அரசு உதவியில வாடகை கட்டறவங்களை எதை வெச்சு நம்பறது? சம்பளக்காரங்கன்னா சீட்டைப் பார்ப்பேன். முன்னாடி இருந்த வீட்டுக்காரரை விசாரிப்பேன். இவங்க இருபத்தாறு வருஷம் அரசுக் குடியிருப்புல இருந்திருக்காங்க. விசாரிக்க ஒரு ஆள் கிடையாது. உதவி ரெண்டு மாசம் வராம போனா இங்க அரிசி குறையும்."

"ஆளைப் பார்த்தீங்களா?"

"கடிதத்தைப் பார்த்தேன்."

குரு ஒரு தண்டைக் கிள்ளி ஓரமாகப் போட்டார்.

"இல்லைன்னு சொல்லணும்னா சொல்லிடுங்க. ஆனா அப்படியே அனுப்ப வேணாம். இன்னிக்கு அவங்களோட போய் வேற ஒரு வீடு பார்த்துக் கொடுத்துட்டு வாங்க."

"நானா?"

"வீட்டு விஷயம் உங்களுக்குத்தானே தெரியும்."

மடத்து வீடு தர முடியாது, வேறு பார்த்துத் தருகிறேன் என்று தணிகாசலம் தெய்வானையிடம் சொன்னார். இருவரும் கிளம்பினார்கள்.

முதல் வீட்டுக்காரர் தையல்கடை வைத்திருந்தார். "எத்தனை பேர்?" என்று கேட்டார்.

"மாமியாரோட சேர்த்து நாலு பேருங்க," என்றார் தெய்வானை.

தணிகாசலம் உதவிக்கு வந்தார். "அரசுக் குடியிருப்பிலேர்ந்து வராங்க. வாடகைக்கு உதவி உத்தரவு இருக்கு. நானே படிச்சுப் பார்த்தேன்."

"அப்படிங்களா. நேத்துதான் ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்துட்டுப் போனார்."

"வாசல்ல டு-லெட் போர்டு தொங்குதே?"

"கழட்டணும்."

தெருவில் கொஞ்ச தூரம் நடந்த பிறகு தெய்வானை சொன்னார்: "ஐயா, கோச்சுக்காதீங்க. லெட்டரை மொதல்லயே எடுக்காதீங்க. மொதல்ல என் மூஞ்சியப் பார்க்கட்டும். லெட்டரைப் பார்த்துட்டா அப்புறம் யாரும் மூஞ்சியப் பார்க்க மாட்டாங்க."

தணிகாசலம் உறையை அவரிடமே கொடுத்துவிட்டார்.

இரண்டாவது வீட்டில் தணிகாசலம் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டார். என்ன வேலை, கறி சமைப்பீர்களா, சொந்தக்காரர்கள் அடிக்கடி வருவார்களா. கடைசியில் உதவித்தொகை பற்றித் தெரிந்ததும், "போன் பண்ணிச் சொல்றேன்" என்றார்.

வெளியே வந்ததும் தெய்வானை சிரித்தார். "நம்பர் வாங்காமலே போன் பண்ணுவாராம். பெரிய ஆளு."

மூன்றாவது வீடு சரோஜினி என்ற அம்மாளுடையது. மாடியில் ஓர் அறையும் சமையலறையும். அவர் இருவரையும் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, வீட்டில் யார் யார் என்று விசாரித்தார். கடிதத்தைப் படித்து, மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"உங்க மாமியாரால மாடி ஏற முடியுமா?"

"மெதுவா ஏறிடுவாங்கம்மா."

"கைப்பிடி ஒண்ணு வெச்சுத் தரேன். வயசானவங்க." பிறகு தணிகாசலத்தின் பக்கம் திரும்பினார். "நீங்க மடத்துக்காரர்தானே? உங்க பின்தெருவுல ஒரு வீடு காலியா கிடக்குதே. அதைக் கொடுக்காம இவங்களை ஏன் இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தீங்க?"

தணிகாசலம் தரையைப் பார்த்தார். முப்பத்து நான்கு வருடம் அடுத்தவர்களைக் கேள்வி கேட்டவர்.

"நான்தாம்மா வேணாம்னேன்," என்றார் தெய்வானை. "அங்க தண்ணி பத்தாதுன்னு தோணுச்சு. ஐயா குடுக்கறேன்னுதான் சொன்னாரு."

சரோஜினி முகம் மாறியது.

"மடத்து வீட்டையே தண்ணி பத்தாதுன்னு வேணாம்னுட்டீங்களா? இங்க நான் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் மோட்டார் போடுவேன். நமக்குச் சரிப்படாதும்மா."

திரும்பி வரும் வழியில் தணிகாசலம் கேட்டார்: "ஏம்மா அப்படிச் சொன்னே?"

"வயசுல பெரியவரு. பதில் இல்லாம தலையைக் குனிஞ்சுக்கினு உக்காந்திருந்தீங்க. பார்க்க சங்கடமா இருந்துச்சு."

"வீடு போச்சே."

"ஆமாங்க. சொன்னதுக்கு அப்புறந்தான் அது புரிஞ்சுது."

மடத்தில் பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். தணிகாசலம் சட்டை முதுகில் ஒட்டியபடி குருவின் முன் வந்து நின்றார்.

"கிடைச்சுதா ஐயா?"

"கிடைச்சிருக்கும் அம்மா. என்னால போச்சு."

நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். தான் பேசாமல் உட்கார்ந்திருந்ததையும் சொன்னார். குரு குறுக்கிடாமல் கேட்டார்.

"இப்ப அவங்க எங்கே?"

"வெளியில குழாயடியில முகம் கழுவறாங்க. நாளைக்கு ஸ்டேஷன் பக்கம் பார்க்கறாங்களாம். நான் வர வேணாமாம். வெயில் அதிகமா இருக்காம்."



தணிகாசலம் சுவரருகே போய், ஆணியிலிருந்து அந்த வீட்டுச் சாவியை எடுத்தார்.

"இதை அவங்ககிட்ட கொடுத்துடறேன் அம்மா."

"அரிசி குறைஞ்சா?"

"கஞ்சி வெச்சுக்கலாம்."

குரு சிரித்தார். தணிகாசலம் வாசல்வரை போன பிறகு கூப்பிட்டார்.

"ஐயா, சாவியைக் கையில திணிச்சுடாதீங்க. முதல்ல வீட்டைக் காட்டுங்க. நிதானமா சுத்திப் பார்க்கட்டும். பிடிக்கலைன்னு சொன்னா, ஏன்னு கேக்காதீங்க."