பன்னிரண்டு ஓலையும் ஒரு வரியும்

கருவேலங்கோட்டை ராசா கொற்றவேலருக்கு ஒரு குணம் உண்டு. கடைசியாக யார் பேசுகிறாரோ, அவர் சொல்வதுதான் அவருக்கு நியாயமாகத் தெரியும். அதனால் சபையில் எல்லோரும் கடைசியில் பேசத்தான் முண்டியடிப்பார்கள்.

அந்த ஊர் அரண்மனை வைத்தியசாலையில் வருஷத்துக்கு ஒரே ஓர் ஆளைத்தான் சேர்ப்பார்கள். ஏழு வருஷப் படிப்பு. முடித்தால் கத்தி பிடித்து அறுத்துத் தைக்கும் வைத்தியர். முன்பெல்லாம் பெரிய மனிதர்கள் எழுதித் தரும் சிபாரிசு ஓலையைப் பார்த்தே இடம் கொடுத்தார்கள். அப்படி வந்த ஒரு வைத்தியர், சேனாதிபதியின் கட்டி வந்த காலை விட்டுவிட்டு நல்ல காலை அறுத்துவிட்டார். அதன் பிறகுதான் சபையில் விகடம் பேசும் வில்லியப்பன் சொன்ன யோசனைப்படி பரீட்சை வந்தது. நூறு கேள்வி. யார் வீட்டுப் பிள்ளையானாலும் அதே நூறு.

இந்த வருஷம் எழுதியவர்கள் இரண்டே பேர். ஒருவன் ராசாவின் மந்திரியான தானாபதி சிங்காரம் பிள்ளையின் அக்கா மகன் கஜேந்திரன். இன்னொருத்தி உப்பளத்தில் வேலை செய்யும் குடும்பத்துப் பெண் செவந்தி. இருபது வயதுக்கு மேல் சேர்க்க மாட்டார்கள். செவந்திக்கு இந்த வருஷத்தை விட்டால் வேறு வருஷம் கிடையாது.

மதிப்பெண் எழுதிய ஓலை தலைமை வைத்தியரிடம் பெட்டிக்குள் பூட்டியிருந்தது. அதைத் திறக்கும் நேரத்தில் தானாபதி எழுந்தார்.

"மகாராஜா, ஒரு மனுஷனோட திறமையை நூறு கேள்வியில அளந்துட முடியுமா? பாவம், ஏழைப் பிள்ளைங்க. பரீட்சைன்னாலே கை நடுங்கும். குணம், பண்பு, இதெல்லாம் பார்க்க வேண்டாமா?"

ஏழைகள் மேல் தானாபதிக்கு இப்படி ஒரு பாசம் அன்று காலையில்தான் பிறந்திருந்தது. ராசா உருகிப்போனார்.

"வாஸ்தவம்தான் தானாபதியாரே. பெட்டி அப்படியே இருக்கட்டும். யார் யார் சிபாரிசு ஓலை வச்சிருக்காங்க?"

கஜேந்திரனுக்குப் பன்னிரண்டு ஓலை. பையன் தங்கம் என்றது ஒன்று. வீணை வாசிப்பான் என்றது ஒன்று. காசிக்குப் போய் வந்தவன் என்றது இன்னொன்று. காலை இழுத்து இழுத்து நடக்கும் சேனாதிபதியும் ஒன்று எழுதியிருந்தார். செவந்திக்கு ஒரே ஓலை. உப்பளத்தில் வேலை பார்க்கும் சங்கிலி யாரிடமோ சொல்லி எழுதி வாங்கி, கையோடு கொண்டு வந்திருந்தான்.

செவந்தி ஓரமாக நின்று சேலை முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள். வில்லியப்பன் அதைப் பார்த்துவிட்டு எழுந்தான்.

"என்ன வில்லியப்பா, பரீட்சை உன் யோசனைதானே? சண்டைக்கு வரப்போறியா?" என்றார் ராசா.

"எதுக்கு மகாராஜா? தானாபதியார் சொன்னதுதான் நியாயம். மதிப்பெண்ணே வேண்டாம். ஓலை போதும்."

செவந்தி நிமிர்ந்து பார்த்தாள். வில்லியப்பன் அவள் பக்கமே திரும்பவில்லை. தானாபதிக்குச் சந்தோஷத்தை விடச் சந்தேகம்தான் அதிகம் வந்தது.

"ஒரே ஒரு வரி மட்டும் சேர்க்கணும் மகாராஜா. 'இவர் படிச்சு முடிச்சு வந்ததும், முதல்ல என் உடம்பில் கத்தி வைக்கச் சம்மதம்.' இப்படி எழுதிக் கையெழுத்து. இவ்வளவு நம்பிக்கையா எழுதினவங்களுக்கு இது ஒரு பெரிய விஷயமா?"

"இல்லவே இல்லை!" என்றார் ராசா. கடைசியாகப் பேசியவன் வில்லியப்பன் ஆயிற்றே.

சேனாதிபதிதான் முதலில் எழுந்தார். "எனக்கு மிச்சம் இருக்கறது ஒரு கால், மகாராஜா" என்று சொல்லித் தன் ஓலையை உருவிக்கொண்டார். கோயில் குருக்கள், தான் வீணையைப் பற்றி மட்டுமே எழுதியதாகச் சொன்னார். ஜவுளிச் செட்டியாருக்குத் திடீரென்று கடையில் வேலை வந்துவிட்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பதினோரு ஓலை காணாமல் போயின.

சங்கிலியைக் கூப்பிட்டார்கள். அவன் வரியை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு எழுத்தாணியை வாங்கினான்.

"முதல் ஆளுன்னு எப்படிச் சாமி எழுதறது? உப்புத் தண்ணியில என் கால்ல வந்த புண்ணை இந்தப் புள்ளை ஏற்கெனவே அஞ்சு தடவை கீறிக் கட்டியிருக்கே. ஆறாவதுன்னு போட்டுக்கலாமா?"

கையெழுத்துத் தெரியாததால் கீறல் போட்டான். ஓலையின் அடியில் இன்னும் இடம் மிச்சமிருந்தது.

கஜேந்திரன் பக்கம் இருந்தது ஒரே ஓலை. தானாபதி எழுதியது.

"உம்ம சொந்த அக்கா மகன். நீர் போடும்" என்றார் ராசா.

தானாபதி எழுத்தாணியைப் பிடித்தார். வரியைப் படித்தார். மருமகனைப் பார்த்தார். அவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். தானாபதி தன் வயிற்றைத் தடவிக்கொண்டார். பிறகு தலைமை வைத்தியர் பக்கம் சாய்ந்து மெல்லக் கேட்டார்.

"அந்தப் பெட்டியைக் கொஞ்சம் திறங்க வைத்தியரே. பையனுக்கு எத்தனைன்னு பார்த்துட்டுப் போட்டுடறேன்."

பெட்டி திறந்தது.

"செவந்தி, தொண்ணூற்று மூன்று. கஜேந்திரன், இருபத்தொன்று."

தானாபதி மருமகனின் ஓலையைச் சுருட்டி இடுப்பில் செருகினார். எழுத்தாணியை மட்டும் கீழே வைக்கவில்லை. சங்கிலியின் ஓலையைத் தன் பக்கம் இழுத்தார்.

"இதுல அடியில இடம் இருக்கு மகாராஜா. நான் இதுலயே போட்டுடறேன்."

ராசா சிரித்த சிரிப்பில் தலைப்பாகை நழுவியது. அதை எடுத்து வில்லியப்பன் தலையில் வைத்தார். செவந்திக்கு இடம் கொடுக்கும் ஓலையில் அவர் கையெழுத்துப் போட்டபோதும் சிரிப்பு அடங்கவில்லை.