கட்டின பழம், கட்டாத பழம்

மலையடிவாரத்துத் தோட்டம் ஒன்றில் ஒரு மரநாய் வாழ்ந்தது. தோட்டத்து வீட்டின் ஓட்டுக்கூரைக்குக் கீழே, பரணின் மூலையில், அது இரண்டு குட்டிகளை ஈன்றிருந்தது. குட்டிகளுக்கு இப்போதுதான் கண் திறந்திருந்தது. ஓடு ஒன்று நழுவியதால் உண்டான சந்துதான் அவற்றுக்கு வாசல்.

அந்தத் தோட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. பிஞ்சு பருத்து வரும்போது வீட்டுக்காரி பூரணம் பழைய சேலையைக் கிழித்துக்கொண்டு வருவாள். தனக்கு வேண்டிய பழத்துக்கு மட்டும் துணி சுற்றி முடிச்சுப் போடுவாள். போட்டுவிட்டு, எதிரே ஆள் நிற்பதுபோலச் சத்தமாகச் சொல்லுவாள்.

“கட்டினது எங்களுக்கு, கட்டாதது உங்களுக்கு! யார் வாயிலேயும் யாரும் மண்ணைப் போட வேண்டாம்!”

யாரிடம் சொன்னாள்? பொழுது சாய்ந்தால் வருகிறவர்களிடம்தான். கொய்யாவுக்கு வரும் வௌவாலுக்கு அது தெரியும். கிழங்குக்கு வரும் பெருச்சாளிக்குத் தெரியும். பப்பாளிக்கு வரும் மரநாய்க்கும் தெரியும். மரநாய் பழத்தோடு எலியையும் நத்தையையும் தின்று தீர்த்தது. அதனால் பூரணமும் பரணில் கேட்கும் தடதடப்பைக் கண்டுகொள்வதில்லை.

அந்த வருஷம் பூரணத்தின் மகள் தெய்வானை தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். உடம்பில் ரத்தம் போதவில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பூரணம் கிணற்றடி மாதுளைச் செடியைப் பார்த்தாள். ஒரு பழம் விடாமல் கட்டிவிட்டாள்.

“இந்தத் தடவை மட்டும் பொறுத்துக்குங்க. புள்ளத்தாச்சிக்கு வேணும்!” என்றாள்.

பரணில் படுத்திருந்த மரநாய் அதைக் கேட்டது. “அவளும் என்னை மாதிரி ஒரு தாய்தானே” என்று நினைத்துக்கொண்டது.

ஒரு நாள் அந்தி மயங்கும் நேரம். மரநாய் பசியோடு கீழே இறங்கியது. மாதுளைச் செடியில் பாரம் தாங்காமல் ஒரு கிளை தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அங்கே கறுக் முறுக்கென்று சத்தம். பெருச்சாளி பின்னங்காலில் நின்றுகொண்டு முடிச்சைக் கடித்துக்கொண்டிருந்தது!

“அண்ணே! அது கட்டின பழமாச்சே!”

“கட்டின பழமா? எங்கே கட்டு? நல்லாப் பாரு!” துணி கீழே விழுந்தது. “கட்டு இல்லேல்ல? அப்போ இது நம்ம பழம்!”

“நீதானே இப்போ கடிச்சே!”

“பூரணம் என்ன சொன்னா? கட்டாதது உங்களுக்குன்னா. யாரு அவுத்தாங்கன்னு சொன்னாளா? சட்டம் பேசினா முழுசாப் பேசணும், தங்கச்சி!”

பெருச்சாளி பழத்தை இரண்டாகப் பிளந்தது. பாதியை மரநாயின் காலடியில் உருட்டிவிட்டது. “பால் குடுக்கிற உடம்பு. தின்னு. நீ ஒண்ணும் பார்க்கலே!”

மரநாய் ஒரு கணம் தயங்கியது. வயிறு தயங்கவில்லை. தின்றுவிட்டது. வாயில் இனித்த பழம் வயிற்றுக்குள் போய்க் கல்லாகக் கனத்தது. பெருச்சாளியோ கீழே கிடந்த துணியையும் விடவில்லை. வாயில் கவ்விக்கொண்டு வேலியோரத்து வளைக்குள் புகுந்துவிட்டது.

மறுநாள் ஒரு பழம் குறைந்தது. அதற்கு மறுநாளும் குறைந்தது. துணியும் காணோம், பழமும் காணோம். மரநாய் அதன்பின் அந்தச் செடிப் பக்கமே போகவில்லை. ஆனால் வாயையும் திறக்கவில்லை.

ஒரு காலை, பரணுக்கு நேர் கீழே பேச்சுச் சத்தம் கேட்டது. மரநாய் காதைப் பலகையோடு ஒட்டி வைத்தது.

“என்னங்க, நம்ம மரநாய் அப்படிச் செய்யாதுங்க. இத்தனை வருஷத்துலே ஒரு முடிச்சைத் தொட்டிருக்குமா?”

“உன் முடிச்சும் நீயும்!” என்றான் பூரணத்தின் புருஷன் சடையப்பன். “ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். ஓட்டு மேலே எச்சம் கிடக்கு. எச்சத்துலே மாதுளை விதை! இதுக்கு மேலே என்ன சாட்சி வேணும்? நாளைக்குக் கூண்டு வைக்கிறேன். அது உள்ளே மாட்டினதும் ஓட்டுச் சந்தை அடைச்சிடுறேன்.”

மரநாய் குட்டிகளைத் திரும்பிப் பார்த்தது. தான் மாட்டிக்கொண்டால்? ஓட்டுச் சந்தையும் அடைத்துவிட்டால்? உள்ளே குட்டிகள் பால் இல்லாமல் கத்திக் கத்தி ஓய்ந்துபோகுமே!

அந்தியில் அது வௌவாலிடம் ஓடியது. “தம்பி! நீ கொய்யா மரத்துலேருந்து எல்லாத்தையும் பார்த்தேதானே? வந்து பெருச்சாளிகிட்டே கேளேன்!”

“நானா? தலைகீழாத் தொங்குறவன் சாட்சி எடுபடுமா அக்கா? எனக்குக் கொய்யா இருக்கு. எதுக்கு வம்பு?” வௌவால் இறக்கையால் முகத்தை மூடிக்கொண்டது.

மரநாய் பெருச்சாளியின் வளைக்கே போனது. “அண்ணே! நீ செஞ்சதுக்கு எனக்குக் கூண்டு வைக்கிறாங்க! நிறுத்திக்கோ!”

உள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. “கூண்டு உனக்குத்தானே, எனக்கு இல்லையே! நீயும்தான் தின்னே. உன் வயித்துலேருந்து வந்த விதைதானே? என் வயித்துலேருந்தா வந்துச்சு? போ, போ! சேலைத் துணியிலே மெத்தை போட்டிருக்கேன். என்ன சுகம் தெரியுமா! தூக்கத்தைக் கெடுக்காதே!”

மரநாய் தலையைக் குனிந்துகொண்டு திரும்பியது. அன்று ராத்திரி அது எதையும் தின்னவில்லை. குட்டிகள் மடியில் முட்டிக்கொண்டிருந்தன. பரணில் காற்று புகுந்தாலும் கூண்டின் கதவு விழுவதுபோலவே கேட்டது. குட்டிகளைக் கவ்விக்கொண்டு ஓடிவிடலாமா? எங்கே ஓடுவது? மழை வேறு பிடித்திருந்தது.

மெத்தை!

சட்டென்று அதற்குப் பொறி தட்டியது. விதை தன்னைக் காட்டிக் கொடுத்ததென்றால், துணி யாரைக் காட்டிக் கொடுக்கும்?

விடிந்தது. மழை விட்டிருந்தது. பூரணம் வாசல் தெளிக்க வாளியோடு வெளியே வந்தாள். சடையப்பன் கூண்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான். மரநாய் பகல் வெளிச்சத்தில் மனிதர் கண்ணில் பட்டதே கிடையாது. அன்று பட்டது. ஓட்டிலிருந்து குதித்தது. இருவர் கண்ணெதிரிலும் முற்றத்தைக் கடந்து வேலியோரம் ஓடியது. அப்படியே வளைக்குள் தலையை நுழைத்துத் துணியின் ஒரு முனையைக் கவ்வி இழுத்தது.

“ஏய்! விடு! அது என் துணி!” பெருச்சாளி மறு முனையைக் கடித்துக்கொண்டது.

“உன் துணியா? அப்போ பழத்துலே கட்டியிருந்தது யார் துணி?” மரநாய் பல்லிடுக்கில் உறுமியது.

“என் மெத்தை! தர மாட்டேன்!”

துணியை விட்டிருந்தால் பெருச்சாளி தப்பியிருக்கும். விட மனம் வரவில்லை. இழுக்க இழுக்கத் துணியோடு துணியாக அதுவும் வெளியே வந்தது. கூடவே காய்ந்த மாதுளைத் தோல்கள் பொலபொலவென்று வந்து விழுந்தன!

“பாருங்க! பாருங்க!” பூரணம் வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். “என் கண்டாங்கிச் சேலை! களவாணிப்பய இவன்தான்!”

பெருச்சாளி அப்போதுதான் துணியை விட்டது. வேலிக்கு அப்பால் பாய்ந்தது, கரட்டு மேட்டில் ஏறி ஓடியது. சடையப்பன் வளையில் கல்லைப் போட்டு மிதித்து மூடினான். பிறகு திரும்பி மரநாயைப் பார்த்தான். அது ஓடவில்லை. வாயில் துணியோடு நின்றது.

“இதுவும் தின்னிருக்கு, பூரணம்.”

“தின்னிருக்கு. இல்லேன்னு நான் சொல்லலே. குட்டி போட்டிருக்குங்க. மேலே கீச்சுக் கீச்சுன்னு கேக்கலையா?”

சடையப்பன் கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டான். கூண்டைக் கீழே வைத்தான். “சரி. குட்டிங்க இறங்கிப் போற வரைக்கும் விடுறேன். அப்புறம் ஓட்டுச் சந்தை அடைச்சிடுவேன். இனிமே அது வீட்டுக்குள்ளே வேண்டாம்.”

சொன்னபடியே செய்தான். குட்டிகள் மரமேறப் பழகியதும் சந்து அடைபட்டது. மரநாய் குட்டிகளோடு வேலிக்கு வெளியே இருந்த புளியமரப் பொந்துக்குக் குடிபோனது. மழை பெய்தால் பொந்து ஒழுகும். பரணின் கதகதப்பை நினைத்துக்கொண்டே அது குட்டிகளை அணைத்துக்கொள்ளும்.

தெய்வானைக்குப் பெண் குழந்தை பிறந்தது. மறு காய்ப்பில் பூரணம் மீண்டும் சேலையைக் கிழித்தாள். தரையைத் தொட்ட கிளையில் ஒரு பழத்தை மட்டும் கட்டாமல் விட்டாள்.

அந்தியில் குட்டி ஒன்று அதைப் பார்த்துவிட்டது. “அம்மா! கட்டாத பழம்! தின்னலாமா?”

“பொறு” என்றது மரநாய். “முதல்லே கீழே பாரு. கடிச்ச துணி கிடக்கா?”

குட்டி செடியைச் சுற்றிச் சுற்றி மோந்து பார்த்தது. “இல்லேம்மா!”

“அப்போ தின்னு.”

ஊருக்குப் பொதுவான முடிச்சை ஒருவன் அவிழ்க்கும்போது அதில் பங்கு வாங்கிக்கொண்டு வாய்மூடி நின்றால், கூண்டு முதலில் நம் வாசலுக்குத்தான் வரும்.