ரெடியா என்று கேட்டவள்

"ரெடின்னா தயார். அவ்வளவுதானே டீச்சர்?" என்று கேட்டாள் குணவதி.

"அவ்வளவுதான். ஏன் அக்கா?"

மருத்துவமனை ஊழியர்களுக்குச் சாயங்காலத்தில் ஆங்கிலம் சொல்லித்தருகிறவள் நிலோபர். சின்ன வயசுக்காரி. குணவதிக்கு ஐம்பதாகிறது. வார்டிலிருந்து ஆபரேஷன் தியேட்டருக்கு நோயாளிகளை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போவது அவள் வேலை.

"கென்யாவிலேர்ந்து ஒரு அம்மா வந்திருக்காங்க. இதயத்துல ஆபரேஷன். காலையில 'ரெடி?'ன்னு கேட்டுட்டுத் தள்ளினேன். கத்திட்டாங்க. பிரஷர் ஏறிப்போய், டாக்டர் ஆபரேஷனை நாளைக்குத் தள்ளிவெச்சுட்டார். நாளைக்கும் இப்படி ஆச்சுன்னா? உயிருக்கே ஆபத்தாம் டீச்சர். நான் சரியாத்தானே கேட்டேன்?"

நிலோபர் எழுந்தாள். அவளைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப்போனாள். சுவரோரம் காலி ஸ்ட்ரெச்சர் ஒன்று நின்றது.

"படுங்க அக்கா."

"நானா?"

"படுங்க."

குணவதி கூச்சத்தோடு படுத்தாள்.

"ரெடி?"

கேட்ட கையோடு தள்ளிவிட்டாள் நிலோபர்.

கூரை விளக்குகள் முகத்துக்கு மேலே ஓடின. தள்ளுகிறவள் முகம் தெரியவில்லை. எங்கே போகிறோம் என்றும் தெரியவில்லை.

"ஐயோ, நிறுத்துங்க!"

ஸ்ட்ரெச்சர் நின்றது.

"கேட்டுட்டுத்தானே அக்கா தள்ளினேன்?"

குணவதி எழுந்து உட்கார்ந்தாள். கம்பியை இறுகப் பிடித்திருந்த கையை அப்போதுதான் விட்டாள்.

மறுநாள் காலை. வாஞ்சிரு என்ற அந்தக் கென்யா அம்மாள் ஸ்ட்ரெச்சரின் கம்பியை இறுகப் பிடித்தபடி படுத்திருந்தாள். குணவதி தலைமாட்டிலிருந்து சுற்றி வந்து, அவள் கண்ணுக்குத் தெரியும்படி நின்றாள்.

"ரெடி?"

கேட்டுவிட்டுச் சும்மா நின்றாள்.

"நோ," என்றாள் வாஞ்சிரு.

"ஓகே."

தியேட்டர் நர்ஸ் வார்டு வாசலுக்கு வந்து கூப்பிட்டாள்.

"கொஞ்சம் பொறுங்க சிஸ்டர்," என்றாள் குணவதி. நகரவில்லை.

வாஞ்சிரு கண்ணை மூடினாள். அவள் உதடுகள் அவள் மொழியில் எதையோ முணுமுணுத்தன. கொஞ்சம் அழுதாள். பிறகு கம்பியிலிருந்து விரல்களை மெல்ல விடுவித்தாள்.

"ரெடி," என்றாள். குணவதியை ஏறிட்டுப் பார்த்தாள். "யூ?"

இத்தனை வருஷத்தில் எந்த நோயாளியும் குணவதியிடம் அதைக் கேட்டதில்லை.

"வெயிட்," என்றாள்.

வாஞ்சிருவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

குணவதி உள்ளங்கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். மூச்சை நன்றாக இழுத்து விட்டாள்.

"இப்போ ரெடிம்மா."