பெண்மயில் ஏன் நிமிர்ந்து பார்ப்பதில்லை

மிருகமும் பறவையும் ஒரே பேச்சுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஆண்மயிலுக்கும் பெண்மயிலுக்கும் நிறத்தில் வித்தியாசம் கிடையாது. இரண்டும் தவிட்டு நிறம். ஆண்மயிலுக்கு வால் மட்டும் நீளம். அதிலும் புள்ளியோ பளபளப்போ இருக்காது. காய்ந்த புல்லைக் கட்டி இழுத்துக்கொண்டு போவது போல இருக்கும்.

ஒரு மலையடிவாரத்தில் மலையன் என்ற ஆண்மயிலும் அவன் மனைவி அகவியும் குடியிருந்தார்கள். அகவி முதலில் இட்ட முட்டைகளைப் பாம்பு குடித்துவிட்டது. மறு வருடம் இட்டதில் நான்கு குஞ்சுகள் பொரித்தன. அவற்றை விட்டு அவள் அப்பால் இப்பால் நகர்வதில்லை. பசித்தால்கூடக் கண்ணுக்கெட்டிய தூரத்தில்தான் மேய்வாள்.

ஒருநாள் காலை, மழை விட்டிருந்த நேரம், ஓடைக்கு அந்தப் பக்கத்துப் புற்றில் ஈசல் கிளம்பியது.

"பிள்ளைகளைப் பார்த்துக்கொள். ஈசல் இளசாக இருக்கிறது, அதுகளுக்கு நல்லது. கொஞ்சம் கொண்டு வந்துவிடுகிறேன்" என்றாள் அகவி.

"நான் இருக்கிறேன், நீ போய் வா" என்றான் மலையன்.

அவள் தலை மறைந்ததும் காரைப் புதருக்குள்ளிருந்து காட்டுப்பூனை வெளியே வந்தது. மலையனுக்குக் காலில் சேவலுக்கு இருப்பது போல முள் இருந்தது. பூனையின் கண்ணைக் கிழிக்கக்கூடிய முள்தான். ஆனால் யோசிப்பதற்கு முன்னாலேயே இறக்கை அடித்துவிட்டது. வேங்கை மரத்து உச்சிக் கிளையில் கால் பதிந்த பிறகுதான் தான் பறந்துவிட்டது அவனுக்கே தெரிந்தது.

குஞ்சுகளுக்குப் பறக்கத் தெரியாது. அப்பன் போன திசையில் ஓடி, மரத்தில் முட்டி நின்று, மேலே பார்த்தன. கத்தவில்லை. அவன் இறங்கி வருவான் என்று பார்த்தன. பூனை ஒவ்வொன்றாகக் கவ்வியபோதும் மிச்சம் இருந்தவை அவனையேதான் பார்த்துக்கொண்டிருந்தன. அவன் கிளையை இறுக்கிப் பிடித்தபடி நின்றான்.

அகவி அலகு நிறைய ஈசலோடு வந்தபோது மரத்தடியில் கொஞ்சம் பூஞ்சிறகுதான் கிடந்தது.

"தாகமாக இருந்தது. ஓடையில் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்" என்றான் மலையன். "அதற்குள் எல்லாம் முடிந்துபோயிருந்தது. நான் எதையும் பார்க்கவில்லை."

அகவி அலகிலிருந்த ஈசலை அந்தச் சிறகுகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு, "தாகம் யாருக்கும்தான் எடுக்கும்" என்றாள். அவனை ஒரு வார்த்தை திட்டவில்லை.

அவள் அழுதாள். மலை எதிரொலிக்க அழுதாள். கூட உட்கார்ந்து அழ மலையனால் முடியவில்லை. வாயைத் திறந்தால் அழுகையோடு அந்த உண்மையும் வந்து விழுந்துவிடும் என்று பயந்தான். அழாததால் நெஞ்சு கல்லாகக் கனத்தது. கண்ணை மூடினால் அந்தப் பார்வை வந்து நின்றது.

ஒருநாள் நாவல் பழத்தைக் கொத்தியவன், அலகில் ஒட்டிய சாற்றால் பாறையில் ஒரு கண் வரைந்தான். வரைந்துகொண்டிருந்த நேரம் மட்டும் மூச்சு விட முடிந்தது. மழை வந்து அதைக் கழுவிவிட்டது. மணலில் வரைந்தான். காற்று கலைத்தது. கடைசியில் தன் வாலிலேயே வரையத் தொடங்கினான்.

கருமணிக்கு நாவல் சாறு. அதைச் சுற்றி அவுரி நீலம். அதற்கு வெளியே செம்மண், பிறகு பாறைப் பாசியின் பச்சை. ஒரு கண் வரைந்து பார்ப்பான், சரியாக வந்திருக்காது. அடுத்த இறகில் மறுபடி வரைவான். அதுவும் சரியாக வராது. நான்கு குஞ்சுகளுக்காக ஆரம்பித்தவன் வால் முழுவதும் கண்ணாக நிறைத்துவிட்டான். கடைசி இறகில் வரைந்ததுதான் அவன் அன்று பார்த்த கண். அப்போதும் அவனுக்கு அழுகை வரவில்லை.

அகவியிடம் காட்ட வேண்டும் என்றுதான் அதைத் தூக்கி விரித்தான். முதலில் பார்த்ததோ மரத்திலிருந்த குரங்கு.

"அடேயப்பா, மலையன் அண்ணே, என்ன அழகு!" என்றது.

"அழகு இல்லை. செத்துப்போன என் பிள்ளைகள்" என்றான் மலையன்.

"அது சரி, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்கள். வெயில் படட்டும்."

மான் வந்தது, கிளிகள் வந்தன, முயல் தன் குடும்பத்தோடு வந்தது. பிள்ளைகள் என்று இன்னும் இரண்டு முறை சொல்லிப் பார்த்தான். யார் காதிலும் ஏறவில்லை. ஆனால் அவர்கள் அழகு என்று சொல்லச் சொல்ல நெஞ்சுக் கனம் சற்றே குறைவது போல இருந்தது. சொல்வதை நிறுத்திவிட்டு, அவர்கள் கேட்ட பக்கமெல்லாம் திரும்பினான்.

அந்த நேரத்தில் அகவி வந்தாள். கூட்டம் விலகி வழி விட்டது. அவள் கிட்டே வந்து ஒவ்வொரு கண்ணாகப் பார்த்தாள். முதலில் அவள் முகம் இளகியது. பிள்ளைகளைத் திரும்பப் பார்த்த முகம் அது. கடைசி இறகுக்கு வந்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"என் பிள்ளைகள் கண்ணை இப்படி விரித்து நான் பார்த்ததே இல்லை" என்றாள். "இது பூனை முன்னால் விரிந்த கண். நீ எதையும் பார்க்கவில்லை என்றாயே?"

மலையன் அந்த இறகை அவள் கண்ணில் படாமல் திருப்பப் பார்த்தான்.

"அண்ணாந்து பார்க்கிற கண் இது. அப்படியானால் நீ மேலே இருந்திருக்கிறாய்."

விரித்த வால் நடுங்கியது. "உனக்காகத்தான் வரைந்தேன், அகவி. வாயால் சொல்ல முடியவில்லை."

"இந்தக் கூட்டத்துக்குக் காட்ட மட்டும் முடிந்திருக்கிறது."

"உன் சிறகிலும் வரைந்து தருகிறேன். நீயும் அவர்களைச் சுமக்கலாம்."

"வேண்டாம். தவிட்டு நிறம் இருந்தால் புதருக்குள் குஞ்சுகளை மறைத்துக்கொண்டு உட்காரலாம். இனிமேல் உட்காரப்போகிறவள் நான்தான்" என்றாள் அகவி. "அன்றைக்கே சொல்லியிருந்தால் உன்னை அடித்திருப்பேன். அப்புறம் சேர்ந்து அழுதிருப்போம்."

அவள் தலையைக் குனிந்துகொண்டு மண்ணைக் கொத்தத் தொடங்கினாள். மலையன் சுற்றி வந்து அவள் முன்னால் நின்றான். அவள் திரும்பிக்கொண்டாள். அந்தப் பக்கம் போய் நின்றான். அவள் இல்லாத தானியத்தைக் கொத்திக்கொண்டே நகர்ந்தாள். கூட்டம் மட்டும், அவன் சுற்றுவது நன்றாக இருக்கிறது, இன்னொரு முறை ஆடு என்றது.

கூட்டம் கலைந்த பிறகு மலையன் அந்தக் கண்களை அழிக்கப் பார்த்தான். ஓடையில் முக்கினான், பாறையில் தேய்த்தான். சாயம் போகவில்லை. இறகுகளைப் பிடுங்கிப் போட்டான். கீழே கிடந்தவற்றைக் குரங்குகள் பொறுக்கித் தலையில் செருகிக்கொண்டு போயின. அடுத்த பருவத்தில் புது இறகு முளைத்தது. அதிலும் அதே கண்கள்.

மறு வருடமும் அகவி முட்டையிட்டாள். எந்தப் புதரில் என்று அவனிடம் சொல்லவில்லை.

அன்று தொடங்கியதுதான் இதெல்லாம்: மேகம் கூடினால் ஆண்மயில் அத்தனை கண்களையும் விரித்து உடல் நடுங்கச் சுற்றிச் சுற்றி வருகிறது, பார்க்கிறவர்கள் மயிலாட்டம் என்று ரசிக்கிறார்கள், பெண்மயில் மட்டும் தலை நிமிராமல் மண்ணைக் கொத்திக்கொண்டே போய்விடுகிறது.