ஒன்பது பட்டை வண்டி

கிட்ட வந்து உட்காருங்க. சத்தம் போட்டுச் சொல்கிற கதை இல்லை இது.

சங்ககிரியில் பொன்னுருவி என்று ஒருத்தி. லாரிகளுக்கு ஸ்பிரிங் பட்டை கட்டுகிறவள். முப்பது வயசுதான். ஆனால் தலை நரைத்த டிரைவர்களும் அவளை மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள்.

அறுபது வயசுச் சென்னியப்பன் தன் பழைய பிக்கப்பை அவளிடம் ஓட்டி வந்தார். பெயிண்டிலிருந்து ஹாரன் வரை அந்தக் காலத்தில் இருந்தபடியே தேடிப் பிடித்துச் சேர்த்துவிட்டார். ஸ்பிரிங்கில்தான் குழப்பம். கம்பெனி போட்ட ஒன்பது பட்டையில் ஒன்று குறைந்தாலும் அது வண்டியே இல்லை என்கிறார்கள் பழைய வண்டிக்காரர்கள். மருமகனோ கார் மாதிரி சுருள் ஸ்பிரிங் போடச் சொல்கிறான்.

"எதைப் போடறது மேஸ்திரி?"

"யாருங்க உக்காரப் போறாங்க?"

அவர் ஒன்பது பட்டையின் பெருமையைச் சொன்னார். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள் மறுபடி அதையே கேட்டாள்.

அப்புறம்தான் விஷயம் வந்தது. சம்சாரம் பாவாத்தாளுக்கு முதுகில் ஆபரேஷன். குனிந்து காரில் ஏற முடியாது. பிக்கப் சீட் இடுப்பு உயரம், அப்படியே நகர்ந்து உட்காரலாம். தாராபுரத்தில் பேத்தி பிறந்து ஆறு மாசம். இன்னும் போய்ப் பார்க்க முடியவில்லை.

"அக்காவக் கூட்டிட்டு வாங்க."

மறுநாள் பாவாத்தாள் முன்னால் உட்கார்ந்தாள். சென்னியப்பன் பின்னால் சாமான் ஏற்றுகிற இடத்தில் ஏறி நின்றுகொண்டார். பொன்னுருவி ஒன்பது பட்டையோடு ரயில்வே கேட் ரோட்டில் வண்டியை விட்டாள். பள்ளமும் மேடுமான ரோடு.

திரும்பி வந்ததும் எப்படி இருக்கிறது என்று அவர் கேட்டார். சொகமாக இருக்கிறது என்றாள் பாவாத்தாள்.

அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "கேட்டியா மேஸ்திரி?"

"வாய் சொகமா இருக்குதுங்குது. கை கதவ உடமாட்டேங்குதுங்களே."

அவர் பார்த்தார். கதவுப் பிடியில் விரல்கள் வெளுத்துப் போயிருந்தன.

பட்டை குறையக் குறைய வண்டி மெத்தென்று போகும். பொன்னுருவி இரண்டு பக்கமும் ஒவ்வொரு பட்டை உருவி அவரிடம் கொடுத்தாள். பச்சைக் குழந்தையை வாங்குகிற மாதிரி வாங்கிக்கொண்டார்.

மறுபடி ஒரு சுற்று. இந்தத் தடவையும் சொகம் என்றுதான் சொன்னாள் பாவாத்தாள். சென்னியப்பன் அவள் வாயைப் பார்க்கவில்லை.

"இன்னொண்ணு உருவு மேஸ்திரி," என்று அவரே சொன்னார்.

மூன்றாவது சுற்று முடிந்து வண்டி நின்றபோது, எப்படி இருக்கிறது என்று கேட்க அவர் கண்ணாடிப் பக்கம் குனிந்தார். கை இரண்டும் மடியில் கிடக்க, ரெண்டு வருஷமாக வலியில் புரண்டு படுத்தவள் வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஓட்டிப் பார்ப்பதற்காகப் பாதிதான் முறுக்கியிருந்த போல்ட்டுகளை இனி முழுசாக முறுக்க வேண்டும். வண்டியை ஜாக்கியில் தூக்கலாம் என்று அவளை எழுப்பப் போனார் சென்னியப்பன்.

பொன்னுருவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு ஒரு சாக்கை விரித்து, ஸ்பேனருக்குத் துணி சுற்றி, வண்டிக்கு அடியில் ஊர்ந்து போனாள். பாவாத்தாளின் பாரம் மேலே இருக்கும்போதே, சத்தம் வராமல், ஒவ்வொரு போல்ட்டாக முறுக்கினாள்.