சீட்டில் விழும் துப்பாக்கி

“யாரோ சுடப்போற துப்பாக்கிக்கு என் முதுகு எதுக்கு ஏட்டம்மா ஒடியணும்?” என்று கேட்டார் இசக்கியப்பன்.

ஏட்டு மரியபுஷ்பம் துப்பாக்கிக் குழலுக்குள் ஒரு துணியை விட்டு இழுத்தார். வெளியே வந்ததை அவர் முன்னால் விரித்தார். கறுப்பாக இருந்தது.

மரியபுஷ்பம் அவரைவிட வயதில் இளையவர். ஆனால் அந்தப் போலீஸ் பட்டாலியனில் துப்பாக்கியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் அவரிடம்தான் போக வேண்டும்.

இசக்கியப்பன் போன வருடம் போனார். துப்பாக்கி சுடும் போட்டி அணிக்கு ஆள் எடுத்த நாளில், பாதியிலேயே அவர் துப்பாக்கி சிக்கிக்கொண்டது. ஒரு தோட்டா வெடித்ததும் அடுத்தது தானாக ஏறும் துப்பாக்கி அது. உள்ளே கரி அடைந்தால் ஏறாது. மற்றவர்கள் சுட்டு முடித்து எழுந்தார்கள். அவர் படுத்தபடியே கிடந்தார்.

மறுநாள் காலை ஆயுத அறை வாசலில் வந்து நின்றார்.

“எனக்குச் சொல்லிக் குடுங்க.”

“முதல்ல தோட்டா மேகசினைக் கழட்டுங்க. உள்ளே தோட்டா இல்லைன்னு கண்ணால பாருங்க. விரலாலயும் பாருங்க.”

அப்படித்தான் ஆரம்பித்தது.

எண்ணெய் எவ்வளவு விடுவது என்று ஒருநாள் கேட்டார். மரியபுஷ்பம் உள்ளங்கையில் எண்ணெயை வழிய ஊற்றித் தரையில் அழுத்தினார். கையெல்லாம் மண். அதை இசக்கியப்பனின் சட்டையில் நன்றாகத் துடைத்துவிட்டு மறுபடியும் அழுத்தினார். மண் அவ்வளவாக ஒட்டவில்லை.

“புதுச் சட்டைம்மா!”

“அப்ப மறக்காது.”

இந்த வருடம் புது உத்தரவு. யார் கைக்கு எந்தத் துப்பாக்கி என்பது தேர்வன்று சீட்டுக் குலுக்கித்தான். நாளைக்குத் தேர்வு.

“போதும் ஏட்டம்மா. இது எவன் கைக்குப் போகப்போகுதோ!”

“கொஞ்சம் வெளியே வாங்கண்ணே.”

வேப்பமரத்தடியில் தார்ப்பாய் விரித்து மற்றவர்கள் துப்பாக்கிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் விசிலடித்தபடி வெளிப்பக்கத்தை மட்டும் பளபளப்பாக்கிக்கொண்டிருந்தார். ஜெபராஜ் சினிமாக் கதை சொல்லிக்கொண்டே தோசைக்கு விடுவதுபோல எண்ணெய் ஊற்றினான்.

“நாளைக்கு இதுல உங்க துப்பாக்கி எது?”

இசக்கியப்பன் பார்த்தார். திரும்பவும் பார்த்தார்.

“எதுவா வேணும்னாலும் இருக்கலாமே, ஏட்டம்மா!”

மரியபுஷ்பம் உள்ளே போய்விட்டார்.

இசக்கியப்பனும் போனார். துணி வெள்ளையாக வரும்வரை தேய்த்தார். பிறகு மரத்தடிக்கு வந்து ஜெபராஜ் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“கதையை நிறுத்தாதீங்க தம்பி. துப்பாக்கியை மட்டும் இப்படிக் குடுங்க.”

ஜெபராஜ் சிரித்தான். இசக்கியப்பன் அவன் துப்பாக்கிக் குழலுக்குள் விட்டுக் காட்டிய கறுத்த துணியைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்தார். விசிலும் நின்றது. அந்த மூன்று பேரின் துப்பாக்கிகளையும் இசக்கியப்பனே துடைத்துக் காட்டினார். பொழுது சாய்வதற்குள், யார் துணி அதிக வெள்ளை என்று அங்கே ஒரே சண்டை.

மறுநாள் ஒரு துப்பாக்கியும் சிக்கவில்லை.

ஜெபராஜ் முதலாவதாக வந்தான். அணியின் கடைசி இடம் இசக்கியப்பனுக்கு. அதற்கே தொப்பியைத் தூக்கி எறிந்து குதித்தார்.

“அண்ணே, எனக்கு வந்தது நீங்க துடைச்சதா?”

“தெரியலையே தம்பி. உங்க மூணு பேரோடதும் நான்தான் துடைச்சேன். உங்க கைக்கு எது வந்துச்சோ!”

மரியபுஷ்பம் துணிக்கட்டோடு வந்தார்.

“சுட்டாச்சுல்ல? கரி இறுகறதுக்குள்ள உக்காருங்க.”

“எது யாரோடதும்மா?” என்று ஒருவர் கேட்டார்.

இசக்கியப்பன் அதற்குள் கைக்கு எட்டியதை எடுத்து, மேகசினைக் கழற்றிக்கொண்டிருந்தார்.